அவர் பெயருக்கு வரும் தபால்

ஆகஸ்ட் 26, 2025, செவ்வாய்

இன்று அத்தம், ஓணத் தொடக்கம். பள்ளி அலுவலகத்தில் ஓண போனஸ் பட்டியலை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் திண்ணையில் கவர்கள். பைக் லோன், கிரெடிட் கார்டு, நகைக்கடன். எல்லாவற்றிலும் அவர் பெயர். கீழே என் வீட்டு முகவரி, பாறசாலை 695502. விவாகரத்து முடிந்தது அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர் தபால் எதையும் திறக்கவில்லை.

கடைசிக் கவர் மட்டும் என் பெயருக்கு. சிட்டி நோட்டீஸ், சீட்டுக் கம்பெனியிலிருந்து. அவர் சீக்கிரமே தள்ளுபடிக்கு ஏலம் விளித்துச் சிட்டியைப் பிடித்தார். மீதித் தவணைக்கு ஜாமீன் என் சம்பளச் சான்றிதழ். அவர் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தபால்கார அண்ணனை வழியில் நிறுத்திக் கேட்டேன். "கையெழுத்துப் போட்டு ஒண்ணும் வாங்காண்டாம் மக்களே. ஆள் வீடு மாறிப் போயாச்சுன்னு எழுதித் தா, வந்த இடத்துக்கே திருப்பி விடுவேன். புது அட்ரஸ் தெரிஞ்சா பழசை அடிச்சிட்டு அதை எழுதிப் பெட்டியில போடு. கவரைப் பிரிக்காம இருந்தா போதும்."

பதிவுத் தபால் சீக்கிரமே ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்கிறதாம். "அதுக்குப் பொறவும் கடன் கடுதாசி வராம இருக்காது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஆகஸ்ட் 30, சனி

இரவு எட்டரைக்கு பைக் லோன் வசூல்காரர் வந்தார். ஆள் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்றேன். "அது தமிழ்நாடு பிராஞ்ச். எனக்க லிஸ்டில் இந்த வீடுதான்" என்றார். காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கடன் கேட்டுக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறதே, கூப்பிடவே கூடாத நேரத்தில் வாசலில் வந்து நிற்கலாமா என்று கேட்டேன். கைப்பேசியில் மணி பார்த்தார். நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வீட்டுக்காரி காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் மதிலருகே நின்றாள். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "ஆளுகள் பாத்திட்டு நிக்காவ. கொஞ்சம் பைசா குடுத்து ஒழிச்சு விடு." கொடுத்திருந்தால் அடுத்த மாதமும் இதே வாசலுக்குத்தான் வருவார்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. 2019 மே மாதம் மாராயமுட்டத்தில் ஒரு தாயும் மகளும் இறந்ததை நெய்யாற்றின்கரைப் பக்கம் யாரும் மறக்கவில்லை. ஜப்தி பயம் என்றுதான் முதலில் பேச்சு. பிறகு சுவரில் இருந்த குறிப்பு, வீட்டு ஆட்களையே குற்றம் சொன்னது.

செப்டம்பர் 2, செவ்வாய்

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் தாலுகா சட்டப்பணிக் குழு. வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு அங்கே வக்கீல் இலவசம். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி.

வக்கீல் அக்கா பேசுவதற்கு முன்னால் காகிதங்களை இரண்டாகப் பிரித்தார். என் கையெழுத்து உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை மறுபக்கம். பைக், கார்டு இரண்டும் மறுபக்கம். "பெண்டாட்டியா இருந்ததுக்காக யாரும் உங்ககிட்ட வசூலிக்க முடியாது. வீட்டு விலாசம் கடனாகாது."

சிட்டி இந்தப் பக்கம். ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு: கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. அவரைத் தேடிப் பிடித்த பிறகே என்னிடம் வர வேண்டும் என்றில்லை. தீர்ப்பாகிச் சம்பளத்தை ஜப்தி செய்தாலும் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. நான் கட்டினால் 140, 145 பிரிவுகளின்படி அவரிடம் திருப்பிக் கேட்கலாம். கட்டிய நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள்.

நகைக்கடன்தான் சிக்கல். பணயம் வைத்தது அவர், பவுன் எனக்கு அப்பா போட்டது. அக்கா 2024 ஏப்ரல் 24 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்னார். கேரளத்து வழக்கு. 89 பவுன், கணவர் வீட்டாரின் பழைய கடனுக்குப் போனது. சீதனம் மனைவிக்கு மட்டுமே சொத்து, கஷ்டத்தில் கணவர் எடுத்தாலும் திருப்பித் தரும் கடமை உண்டு என்று 25 லட்சம் தரச் சொன்னார்கள். கல்யாணம் 2003இல், தீர்ப்பு 2024இல். கல்யாண ஆல்பத்தையும் நகைக்கடை பில்லையும் தேடி எடுக்கச் சொன்னார்.

செப்டம்பர் 4, வியாழன்

உத்திராடம், திருவோணத்துக்கு முந்தின நாள். களியக்காவிளைச் சந்தையில் ஏத்தன்குலை விலை கேட்டு நிற்கும்போது பின்னால் அவருடைய அம்மா. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா மதராசோடு போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் காய்கறி வாங்க இரண்டு பக்கத்தாருக்கும் இந்தச் சந்தைதான். தவிர்க்க முடியவில்லை.

"அவனுக்க கடுதாசி உனக்க வீட்டுக்கா வருது இப்பமும்?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். அந்த வார்த்தை தானாக வந்தது. எனக்க கம்மலும் பணயத்திலதான் கெடக்கு என்றார். மகன் இப்போது இருக்கும் இடத்தைக் கேட்டேன். தயங்கிவிட்டு, என் பையிலிருந்த பேனாவை வாங்கி ஒரு துண்டுக் காகிதத்தின் பின்பக்கம் தானே எழுதித் தந்தார்.

செப்டம்பர் 8, திங்கள்

பள்ளி திறந்தது. மாலையில் அக்ஷயா இ-சேவை சென்டரில் என் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்தேன். ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனத்திலும் வருஷத்துக்கு ஒன்று இலவசம். சிட்டி நிலுவை அதில் இல்லை. என்னைச் சேர்க்கக் கூடாத கார்டுக் கணக்கு ஒன்று இருந்தது. புகார் பதிந்தேன். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் விதி. ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்கவும் அங்கேயே விண்ணப்பித்தேன். வீட்டில் சேர்ந்திருந்த கவர்களில் புது முகவரி எழுதித் தபால்பெட்டியில் போட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

சிட்டி ஆபீஸ். நிலுவையை ஒரே அடியாகக் கட்ட வழியில்லை, தவணை தாருங்கள் என்று எழுத்தில் கொடுத்தேன். ஒப்புக்கொண்டார்கள். முதல் ரசீதில் வழக்கம்போல அவர் பெயரை எழுதினார்கள். ‘ஜாமீன்தாரர் செலுத்தியது’ என்று சேர்த்து, என் பெயரையும் எழுதி வாங்கினேன். நாளைக்கு அவரிடம் கேட்க இந்தக் காகிதம்தான் ஆதாரம்.

"அவனுக்காக நீ ஏன் கட்டணும்?" என்றார் அம்மா. அவருக்காக இல்லை அம்மா, நான் போட்ட கையெழுத்துக்காக. வசூல்காரருக்குக் காசு கொடுக்காததும் அதே காரணத்தால்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் சம்பளச் சான்றிதழ் கேட்டு வந்தார். கொழுந்தனுக்குச் சிட்டி ஜாமீன். இந்தச் சான்றிதழ்களை டைப் அடிப்பது நான்தான். என்னுடையதையும் நானே அடித்தேன்.

"மீதித் தவணை எத்தனை டீச்சர்? அவர் கட்டாவிட்டால் மாசாமாசம் உங்களால் முடியுமா?"

"அப்படியெல்லாம் வராது" என்றார்.

"வந்தால்?"

பாரத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "வீட்டில் கேட்டுட்டு திங்களாழ்ச்சை சொல்றேன்."