முறுக்கின் அளவு

துவக்கு என்ற சொல்லை எங்கள் வீட்டில் எவரும் லேசாகச் சொல்வதில்லை. 1990 ஒக்டோபரில், இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அன்று தெருமுனையில் நின்றவர்களின் தோளில் தொங்கியதை ராத்தா இன்றுவரை பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. “அந்தச் சாமான்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவருடைய மூத்த மகன்தான் இப்போது ஒரு துவக்குச் செய்கிறான்.

புத்தளத்தில் வளர்ந்து, இயந்திரத் தொழில் பயின்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பட்டறையில் வேலைபார்ப்பவன் அவன். அவன் செய்வது பழங்காலச் சக்கிமுக்கித் துவக்கு. கல் உருக்கில் உரசிப் பொறி விழ, அந்தப் பொறியில் கருமருந்து பற்றி வெடிக்கும் வகை. அந்த மண்ணில் இது விநோதமான பொழுதுபோக்கு அல்ல. 18ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் ஆள் உயரத்துக்குக் கிட்டிய நீண்ட துவக்குகளை அங்கேதான் உருவாக்கினார்கள். சக்கிமுக்கித் துவக்குக்கென்றே தனியான மான்வேட்டைப் பருவமொன்று 1974 முதல் அம்மாநிலத்தில் இருந்து வருகிறது.

அவன் செய்வதோ மான்வேட்டைக்கானதல்ல. குழலின் வாய் 0.32 அங்குலம். ஏறக்குறைய எட்டு மில்லிமீற்றர். அந்த நாட்டில் அணில் துவக்கு என்று சொல்லப்படும் சிறுவகை.

“அணிலையா சுடப்போறாய்?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“இல்ல மாமா, கடதாசியைத்தான். குறி வச்ச கடதாசி. குழல் வாங்கணும். முறுக்கு முப்பதா, நாப்பத்தெட்டா, அறுபதா என்டு கேக்குறாங்க. நீங்க கணக்குப் படிப்பிச்ச ஆள், சொல்லுங்க.”

அடுத்த அழைப்பு ராத்தாவிடமிருந்து. “அவனுக்குப் புத்தி சொல்லு தம்பி. அந்தச் சாமான் நமக்கு வேணாம்.”

ஒருவர் எண் கேட்கிறார், மற்றவர் புத்திமதி கேட்கிறார். முப்பது வருடம் உயர்தர வகுப்புகளுக்குப் பிரயோக கணிதம் கற்பித்தவனுக்கு எண் சொல்வது சுலபம். சொல்லலாமா என்பதுதான் கடினம். அதனால் முதலில் கணக்கை எடுத்துக்கொண்டேன்.

குழலின் உட்சுவரில் திருகாணியின் புரிபோல வெட்டப்பட்ட தவாளிப்புகள் இருக்கின்றன. ரைபிள் என்ற பெயரே அந்தக் கீறல்களால் வந்தது. அந்தப் புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் எடுக்கிறதோ, அதுவே முறுக்கு. 48 என்றால் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எண் குறையக் குறைய முறுக்கு இறுகும்.

தவாளிப்பில்லாத குழலில் ஈயக்குண்டு சுவரில் தட்டித் தட்டி வருகிறது. கடைசியாக எந்தப் பக்கம் உரசிற்றோ, அதற்கேற்ப ஏதோ ஒரு திசையில் உருண்டபடி வெளியேறுகிறது. உருளும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். கிரிக்கெட் பந்து சுழன்று காற்றிலேயே விலகுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. குண்டு போகிற திசையையே அச்சாகக் கொண்டு அதைச் சுழல வைத்தால் அந்தத் தள்ளல் இல்லாமற் போகும். வார்க்கும்போது ஈயத்துக்குள் ஒரு காற்றுக்குமிழ் அகப்பட்டிருந்தாலும், அந்தக் குறை ஒரே பக்கம் நில்லாமல் எல்லாப் பக்கமும் சுற்றிப் பகிரப்பட்டுவிடும்.

இதை முதலில் ஒழுங்காக விளக்கியவர் பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கி இயல் நூலை, 1745இல் ஒயிலர் விரிவான குறிப்புகளோடு ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். நமது மாணவர்கள் பெயரளவிலாவது அறிந்த அதே ஒயிலர்தான். தவாளிப்புக் குழல்களைப்பற்றி 1747இல் ரோயல் சொசைற்றியில் ரொபின்ஸ் தனியாக ஒரு கட்டுரையும் படித்தார்.

அப்படியானால் எவ்வளவு சுழற்சி வேண்டும்? கூடக்கூட நல்லது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். உண்மை அதுவல்ல.

1879இல் வூலிச் பீரங்கிக் கல்லூரியில் கணிதம் கற்பித்த ஜோர்ஜ் கிரீன்ஹில் ஒரு சுருக்கமான விதியைத் தந்தார். விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் முறுக்கு வரும். அவர் அதை நீண்ட எறிபடைகளுக்காகவே எழுதினார். நீண்ட குண்டு காற்றில் குப்புற விழப் பார்க்கும். அதைப் பம்பரம்போல நிமிர்த்திப் பிடிக்கப் பலமான சுழற்சி வேண்டும். உருண்டைக்கு நீளமும் விட்டமும் ஒன்றே. ஆகவே விதி இலகுவாகி, விட்டத்தின் 150 மடங்கு என்று நிற்கிறது. 0.32 அங்குலத்துக்கு 48. 0.36க்கு 54. 0.50க்கு 75. குண்டு சிறுத்தால் முறுக்கு இறுகவேண்டும் என்பது இங்கே தெளிவாகிறது. அதே 0.32 குழலில் விட்டத்தைப்போல இரு மடங்கு நீளமான குண்டை இட்டால் 24 வேண்டும். எனவே முறுக்கைத் தேர்பவன் முதலில் கேட்கவேண்டியது, “உள்ளே எதைப் போடப்போகிறேன்?” என்பதுதான்.

உருண்டையோ அதிகம் கேட்பதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வடிவம். குப்புற விழ அதற்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. இலண்டன் துவக்குக் கொல்லர் எசேக்கியேல் பேக்கர் 1800இல் பிரித்தானியப் படைக்கு ஒரு ரைபிள் செய்து கொடுத்தார். 30 அங்குலக் குழலில் அவர் வைத்தது கால் சுற்று மட்டுமே, அதாவது 120. 0.625 அங்குலக் குழலுக்குக் கிரீன்ஹில் விதி 94 என்கிறது. பேக்கர் அதைவிடவும் தளர்த்தினார். கருமருந்துக் கரி படிந்த குழலில் குண்டை இடித்து இறக்குவது தளர்ந்த முறுக்கில் எளிது என்பது அவருடைய நியாயங்களில் ஒன்று. அந்த ரைபிள் பல பத்தாண்டுகள் சேவையில் நின்றது.

இறுகிய முறுக்கில் வேறொரு இடரும் உண்டு. குண்டைத் துணித்துண்டில் பொதிந்துதான் இறக்குகிறார்கள். தவாளிப்பைப் பிடிப்பது அந்தத் துணி. மருந்தைக் கூட்டி வேகமாகத் தள்ளினால், ஈயம் புரியைப் பின்பற்றாமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு நேரே ஓடிவிடும். சுழற்று, சுழற்று என்று வற்புறுத்தியதன் பலன், சுழற்சியே இல்லாமற் போவது. மிகத் தளர்ந்த முறுக்கிலோ, குண்டுக்குத் தேவையான சுழற்சியைக் கொடுக்க மருந்தைக் கூட்டவேண்டியிருக்கும். எனது மருமகனின் குண்டு மூன்று கிராமுக்கும் குறைவு; அவன் இடும் மருந்து அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. அந்தச் சிறிய கைக்கு 60 பொருந்தாது. 30 பொறுமையற்றது. 48 போதும்.

42 அங்குலக் குழலில் 48 என்றால், குண்டு உள்ளே ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றுவதில்லை. ஆனாலும் நொடிக்கு 1600 அடி வேகத்தில் வெளிவந்தால் நொடிக்கு 400 தடவை சுழன்றுகொண்டு போகும்.

பழைய கொல்லர்களுக்கு இந்தத் தேர்வுக் கஷ்டம் இருக்கவில்லை. புரி செதுக்கிய நீண்ட மர உருளையொன்று பட்டறையில் இருக்கும். அதன் வழியே கத்தியை இழுத்து இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் மயிரிழை அளவு இரும்பைச் சுரண்டித் தவாளிப்பு வெட்டுவார்கள். வாய் பெரிதோ சிறிதோ, பெரும்பாலும் அந்த உருளையின் முறுக்கே எல்லாக் குழலுக்கும். தேர்வு என்பது நம் காலத்துப் பாக்கியம்; பொறுப்பும்கூட.

கணக்கு முடிந்த இடத்தில்தான் ராத்தாவின் கேள்வி எழுந்து நின்றது. அன்று தெருமுனையில் நின்ற ஏ.கே. வகைச் சாமானின் குழலிலும் இதே புரிதான் இருக்கிறது. அதன் முறுக்கு 240 மில்லிமீற்றர், ஒன்பதரை அங்குலத்துக்குக் கிட்ட. நீண்ட குண்டு, இறுகிய முறுக்கு. கணக்கு ஒன்றே; அது ஆள் பார்ப்பதில்லை. ஆள் பார்க்கவேண்டியது கணக்குச் சொல்லுகிறவனும் கேட்கிறவனும்தான்.

நான் ஆளைப் பார்த்தேன். ஐந்து வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த பிள்ளை. அந்தச் சாமானை அவனும் அன்று கண்டான். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தன் கையாலேயே ஒன்றைச் செய்துபார்க்க அவனுக்கு முப்பது வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. அஞ்சியதை அறிந்துகொள்வதும் அச்சத்திலிருந்து வெளியேறும் வழிகளில் ஒன்று என்று எனக்குப் பட்டது. 48 என்று எழுதி அனுப்பினேன். காரணங்களையும் எழுதினேன். கடதாசிக்கு அப்பால் குறி போகக்கூடாது என்பதையும் சேர்த்தேன்.

ராத்தாவிடமும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாதிருந்தார். “கடதாசியோட நிக்கட்டும்” என்றார். சம்மதமல்ல அது, ஆனால் தடையுமல்ல.

ரொபின்ஸைப்பற்றி இன்னும் ஒன்று. ஆயுதம் ஏந்துவதை மறுக்கும் குவேக்கர் சமயத்தாரின் வீட்டுப்பிள்ளை அவர். குண்டு எப்படிப் பறக்கிறது என்பதை உலகுக்குச் சொன்னவரைக் கிழக்கிந்தியக் கம்பனி தன் கோட்டைகளைப் பலப்படுத்த அழைத்தது. 1751இல், தமிழ்நாட்டுக் கடலூரை அடுத்த செயின்ற் டேவிட் கோட்டையில் அவர் இறந்தார். குண்டு பட்டு அல்ல, காய்ச்சலில். வயது 44.