சபை நடுவே பிடித்த நாதம்

இசைப்பதிவுகளில் இருவகை உண்டு. கதவைச் சாத்தி, வெளியோசை நுழையாதபடி காத்து, பிழை நேர்ந்தால் மீண்டும் வாசிக்கச் செய்து பதிவது ஒருவகை. சபை நடுவே கச்சேரி நடக்கும்பொழுதே, நடந்ததை நடந்தபடி பிடித்து வைப்பது மற்றொரு வகை. முன்னது குற்றமற்றது, பின்னது உயிருள்ளது. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னால் நாம் பின்னதையே தெரிந்தெடுப்போம்.

மேல்நாட்டாருக்கும் இந்த ஆசை உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்திற் பிறந்த 'புளூஸ்' இசையை இங்கிலாந்து இளைஞர்கள் தமதாக்கிக்கொண்ட காலம் அது. 1962ஆம் ஆண்டில் அலெக்சிஸ் கோர்னர் குழுவினரின் இசைத்தட்டொன்று, லண்டன் நகரத்து மார்க்கீ மன்றத்தின் பெயரைத் தாங்கி வெளிவந்தது. பதிவு நடந்ததோ டெக்கா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில்! சபையின் பெயருக்கே அத்துணை மதிப்பு. 1964இல் யார்ட்பேர்ட்ஸ் என்னும் இளைஞர் குழு அம்மன்றத்திலேயே, ரசிகர் முன்னிலையில் வாசித்துப் பதிந்து, தன் முதல் நெடுந்தட்டை வெளியிட்டது. அன்று அது அதிகம் விலைபோகவில்லை. ஆயினும் அந்த மண்டபத்து ஆரவாரம் இன்றும் அதிலே கேட்கிறது.

எமது நாட்டில் இத்தகைய செல்வம் கோயில் வீதியிலே பிறந்தது. திருவிழா இரவுகளில் விடியும்வரை நடக்கும் மேளக்கச்சேரியைச் சிலர் ஒலிநாடாவிற் பிடித்து வைத்தனர். தவில்மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டில், நாற்பதைச் சற்றே கடந்த வயதில் மறைந்தார். அவரை நேரிற் காணாத தலைமுறைக்கு அவருடைய விரல்களின் வேகத்தையும் கணக்கையும் எடுத்துச் சொல்வன இத்தகைய பழைய பதிவுகளே.

எமது வன்னிக்கும் அந்நாடாக்கள் வந்தன. 1990களில், போரும் பொருளாதாரத் தடையும் சூழ்ந்த நாளில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் மின்சாரம் இல்லை, மின்கலமும் கிடைப்பதரிது. துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவின் வலுவிலே பாட்டுக் கேட்டோம். மிதிப்பவர் களைத்தால் தவிலும் களைத்துவிடும்! "மிதியடா தம்பி, தனி ஆவர்த்தனம் வருகுது" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள்.

அவர்களுள் ஒருவரிடம் திருவிழா நாடா ஒன்றிருந்தது. அதிலே தவிலோடு குழந்தையின் அழுகையும் கச்சான் விற்பவரின் கூவலும் கேட்கும். ஒரு கோர்வை முடியுமிடத்தில் யாரோ "ஆகா!" என்பார். அப்பொழுது பெரியவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்குவார். அந்த "ஆகா" காலஞ்சென்ற அவருடைய தம்பியின் குரல். தம்பியின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. குரல் மாத்திரம் இருந்தது. கூடத்திற் பதிந்த பதிவாயின், இடையூறென்று முதலில் நீக்கப்பட்டிருப்பது அந்தக் குரலேயன்றோ?

2009ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் அந்நாடாவும் போயிற்று. பொருளிழந்தோர் மீண்டும் தேடிக்கொள்ளலாம். ஒரே பிரதியாக இருந்த ஓசையை எங்கே தேடுவது?

ஆகவே, எமது குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். பரணிலும் பெட்டியிலும் பழைய ஒலிநாடா கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஈரமும் பூஞ்சணமும் அதனை அழிக்குமுன் பிரதியெடுத்து வையுங்கள். முல்லைத்தீவு மண்ணுக்குரிய கோவலன் கூத்தை ஆடுவிக்கும் அண்ணாவிமார் முதுமையடைந்து வருகின்றனர். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குத் திரள்கின்ற மக்களின் ஓசையும் காப்பாற்றத் தக்கதே. இன்று வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி உண்டு. டைனமோ மிதிக்க வேண்டியதில்லை. பதிந்ததும் ஊர், நாள், கலைஞர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். இடையிலே யாரேனும் இருமினால், சிரித்தால், "ஆகா" என்றால் அதை நீக்கிவிடாதீர்கள். என்றோ ஒருநாள், அந்த ஒரு சொல்லுக்காகவே அப்பதிவை ஒருவர் தேடி வரக்கூடும்.