பொருந்தாதது எது?

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்ற கையோடு, வடமராட்சியிலிருந்து மலையகத் தோட்டப் பாடசாலையொன்றுக்கு ஆசிரியனாகச் சென்றேன். ஒருநாள் ஆறாம் வகுப்பில் ஒரு வினாவைக் கொடுத்தேன்: கவ்வாத்துக் கத்தி, சுரண்டி, மண்வெட்டி, தேயிலைச் செடி — இவற்றுள் பொருந்தாதது எது?

கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் மகள் விடையெழுதவில்லை. காரணம் கேட்டேன்.

“தேயிலை இல்லாட்டி மத்த மூணும் எதுக்கு சேர்?”

நான் சிரித்தேன், என்னைப் பார்த்து வகுப்பும் சிரித்தது. அவளது தேர்ச்சி அறிக்கையில் ‘பகுத்தறியும் ஆற்றல் குறைவு’ என்றெழுதிக் கையொப்பமுமிட்டேன்.

சில ஆண்டுகளின் பின், கல்வி டிப்ளோமாவுக்காகப் பண்பாட்டு ஒப்பீட்டு உளவியலைக் கற்க நேர்ந்தது. அங்கே அச்சிறுமியை மீண்டும் சந்தித்தேன். 1931, 1932ஆம் ஆண்டுகளில் சோவியத் உளவியலாளர் லூரியா உஸ்பெகிஸ்தானத்துக் குடியானவர்களிடம் சுத்தியல், வாள், கைக்கோடரி, மரக்கட்டை ஆகியவற்றைக் காட்டி, ஒத்தவற்றைப் பிரிக்கச் சொன்னார். எழுத்தறியாத அவர்கள் கட்டையை விலக்க உடன்படவில்லை. கட்டை இல்லையேல் கருவிகளுக்கு வேலையேது என்றார்கள்.

லூரியா இதனைச் சிந்தனை வளர்ச்சியின் முந்திய படியாகவே கண்டார். பின்வந்தோர் அம்முடிவை ஐயுற்றனர். லைபீரியாவின் க்பெல்லே உழவர்களும் கத்தியைத் தோடம்பழத்துடனேயே சேர்த்தனர். அறிவுள்ளவன் இப்படித்தான் செய்வான் என்றனர். ‘முட்டாள் எப்படிச் செய்வான்?’ என்று கேட்டதும், உணவை ஒருபுறமும் கருவியை மறுபுறமுமாக அடுக்கிக் காட்டினராம்! இதனை 1975இல் ஜோசப் கிளிக் எழுதினார். ஆற்றல் அவர்களிடம் இருந்தது. எது அறிவு என்பதிலேதான் வேறுபாடு இருந்தது.

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் மனனஞ் செய்த தொல்காப்பியம் மரத்தையும் பறவையையும் பறையையும் தொழிலையும் ஒரு நிலத்தின் கருப்பொருளென ஒன்றுசேர்த்ததல்லவா? வாழ்வால் இணைந்தவற்றை அது இணைத்தது. அதனை இலக்கணமென்று போற்றிய நான், அவ்வாறே சிந்தித்த தொழிலாளியின் மகளை மந்தமென்றேன். அறியாமை யாருடையது?

பொருள்களை இனம்பிரிக்கும் முறையை இன்றும் கற்பிக்கிறேன். பரீட்சை அதனைத்தான் கேட்கிறது, அது அவர்களுக்கும் உரியதே. ஆனால், என் வினாக்களின் கீழே ‘ஏன்?’ என்றொரு வரியைச் சேர்த்திருக்கிறேன். காரணத்துக்கும் புள்ளியுண்டு.

அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். லயத்து வறுமையே காரணம் என்றார்கள். இருக்கலாம். ஆயினும் ஆசிரிய நண்பர்களே, அந்த அறிக்கையின் அடியில் இருப்பது என் கையொப்பம்.