பிரிந்த என்ஜினைத் தேடி

கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில், 1767-இல் திறக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் பிரிட்டிஷார் உறங்குகிறார்கள். பக்கத்திலேயே மல்லிக் பஜார். இங்கே கார்களின் கடைசி யாத்திரை. கழற்றிய பாகங்களுக்கு மறுபிறவியும் உண்டு.

பழைய அம்பாசடர் பிரியர்கள் தேடுவது ஏதோ ஒரு என்ஜினை அல்ல. தங்கள் காரோடு உத்தர்பாரா தொழிற்சாலையை விட்டு வந்த அதே என்ஜினை. 1950களின் இறுதியில் வந்த முதல் அம்பாசடர்களில் சைடு வால்வு என்ஜின். அடுத்து 1,489 சிசி ஓவர்ஹெட் வால்வு. பெட்ரோல் விலை ஏற ஏற, பலர் டீசலுக்கு மாறினார்கள். கழற்றியது காயலான் கடைக்கோ இன்னொரு காருக்கோ போனது.

தேடலுக்கு முதல் துணை ஆர்.சி. புத்தகம். சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டும் அதில் உண்டு. அடுத்த துணை, வயதான மெக்கானிக்குகளின் ஞாபகம்.

ஆனால் எண்ணை ராவிவிட்டு வேறு எண் குத்துவது பெரிய வித்தையல்ல. திருட்டு வண்டிகள் அடையாளம் இழப்பதும் இப்படித்தான். 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-இல் தனிப் பதிவு கொண்டுவந்தது. அசலுக்கு அந்தஸ்து வந்தால் போலிக்கும் ஆசை வரும்.

அதனால் விஷயம் தெரிந்தவர்கள் எண்ணோடு, அதைச் சுற்றியுள்ள இரும்பையும் உற்றுப் பார்க்கிறார்கள். அரம் பட்ட தடம் இருந்தால் கையை எடுத்துவிடுகிறார்கள். குத்திய எண்ணோடு பொருந்துகிற என்ஜினைவிட, பொருந்தாமல் உண்மை பேசும் என்ஜினே மேல்.