கிணற்றுத் தண்ணீர் மேல் பழி

செர்ரி இறாலுக்கு அன்றாடம் தீனி போடத் தேவையில்லை. தொட்டிக் கண்ணாடியிலும் பாசியிலும் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை மேய்ந்தே பெரும்பாலும் வயிற்றைக் கழுவிக்கொள்ளும். இது தெரிந்தும் நான் காலையும் மாலையும் அள்ளிப் போட்டேன். தீனி விழுந்ததும் சிவப்பாகக் கூட்டம் மொய்ப்பதை வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும், எங்கள் ஊர் திருப்புறத்தில் என்னிடம்தான் நல்ல இறால் இருக்கிறது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான்.

மிச்சத் தீனிக்கு பிளனேரியா வந்தது. முக்கோணத் தலையும் இரண்டு கண்புள்ளியுமாக, பகலில் மணலுக்குள் பதுங்கி, விளக்கணைந்த பிறகு கண்ணாடியில் வழுக்கி ஊரும் தட்டைப்புழு. குஞ்சுகளையும், ஓடு கழற்றித் தளர்ந்து கிடக்கும் இறாலையும் பிடித்துத் தின்னும். பிளேடால் சுரண்டினேன். அதைவிட மடத்தனம் கிடையாது. உயிரியலாளர் தாமஸ் ஹண்ட் மார்கன் இந்தப் புழுவை வெட்டி வெட்டிப் பார்த்து, 279-ல் ஒரு பங்கு அளவுத் துண்டும் முழுப் புழுவாக வளரக்கூடும் என்று 1898-ல் எழுதியவர். நான் கழித்ததாக நினைத்ததெல்லாம் பெருக்கல்.

மடத்தனத்தை மன்னிக்கலாம். அடுத்துச் செய்தது வேறு ரகம்.

பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன், சேர்த்துவைத்த காசோடு இறாலும் ஜாவா பாசியும் வாங்க வந்தான். அந்தப் பாசிக்குள் புழு இருப்பது எனக்குத் தெரியும். முந்தின இரவுதான் டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். சொன்னால் வாங்க மாட்டான், வெளியிலும் சொல்லிவிடுவான். பையில் கட்டிக் கொடுத்தேன். இனாமாகக் கொஞ்சம் பாசி வேறு.

பிறகு ஒருநாள் வந்து, “அண்ணே, குஞ்சு ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது, என்ன செய்ய?” என்றான். “உங்க கிணத்துத் தண்ணி சரியில்லடே, கிளிஞ்சல் போடு” என்றேன். எங்கள் வெட்டுக்கல் பூமிக் கிணறுகளில் தண்ணீர் சற்று அமிலமாக இருப்பதும், புது ஓடு கட்ட இறாலுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதும் உண்மை. அந்த உண்மையை வைத்துப் பொய்க்கு முட்டுக் கொடுத்தேன்.

மருந்து இல்லாமலில்லை. வெளிநாட்டில் விற்கும் சில பிளனேரியாப் பொடிகளுக்கு மூலம் நம் கொட்டைப்பாக்கு; அதிலுள்ள அரிகோலின் புழுவை முடக்கிப்போடும். நாயின் நாடாப்புழுவுக்கு ஒரு காலத்தில் கால்நடை மருத்துவர்கள் கொடுத்ததும் அதையே. வீட்டைச் சுற்றிக் கமுகு நிற்கிற ஊரில் இதைக் காசு கொடுத்தா வாங்குவது என்று தோன்றும். ஆனால் பாக்குக்குப் பாக்கு வீரியம் மாறும், அளவு பிடிபடாது. ஆகவே நான் போட்டது ஃபென்பெண்டசோல், நாய்ப் பூச்சி மருந்து. அளவோடு போட்டால் இறாலை ஒன்றும் செய்யாது, புழு ஒழியும். செத்த புழு அழுகி அமோனியா ஏறுமுன் தண்ணீர் மாற்ற வேண்டும். நெரைட் நத்தைகளை மட்டும் முன்கூட்டியே வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். அவற்றுக்கு அது விஷம்.

என் தொட்டி தெளிந்ததும் மனசு குறுகுறுத்தது. மிச்ச மருந்தைப் பையனிடம் கொடுத்து அளவும் சொன்னேன், இறாலுக்குச் சத்துப்பொடி என்று. அவனிடம் நெரைட் நத்தைகள் இருந்தன. போனில் படம் காட்டியிருக்கிறான். அவற்றை எடுத்துவிடு என்றால், சத்துப்பொடிக்கு எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்பான். சொல்லவில்லை.

நத்தைகள் செத்ததும் கூப்பிட்டான். அமிலத் தண்ணீர் நத்தை ஓட்டை அரிக்கும், கிணற்றுத் தண்ணீரைப் பார் என்றேன். அரிக்கும் என்பதும் உண்மைதான்.