பரதேசி ஜெபஆலயம்

"பரதேசி" என்னும் சொல்லை நம் ஊர்களில் வசைச்சொல்லாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் ஆபிரகாமும் அவர் சந்ததியாரும் தங்களைப் பரதேசிகள் என்று அறிக்கையிட வெட்கப்படவில்லை என வேதத்தில் வாசிக்கிறோம். அந்தச் சொல்லையே பெயராகத் தாங்கி நிற்கும் ஆலயம் ஒன்று கொச்சியின் மட்டாஞ்சேரியில் உள்ளது. பிழைப்பைத் தேடி நகரங்களுக்கு வந்து குடியேறிய நம்மைப் போன்ற குடும்பங்கள் ஒருமுறையாவது பார்த்துவர வேண்டிய இடம் அது.

பள்ளி விடுமுறையில் குடும்பமாய்ப் புறப்பட்டோம். எர்ணாகுளம் படகுத்துறையில் படகேறி, காயலைக் கடந்து, ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரியை அடைந்தோம். வழியெங்கும் பழைய பண்டகசாலைகள். சுக்கும் மிளகும் கலந்த மணம் நம்மை வரவேற்கிறது.

முதலில் அரண்மனைக்குச் சென்றோம். போர்த்துக்கீசியர் சுமார் 1555-ல் இதைக் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அளித்தனர். 1663-ல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்னர் இதைப் புதுப்பித்ததால் "டச்சு அரண்மனை" என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று இது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் ஓவியங்களாக நிறைந்திருக்கின்றன. நூற்றாண்டுகள் கடந்தும் செம்மண் நிறமும் பச்சையும் முற்றிலும் மங்கிவிடவில்லை. பல்லக்குகளையும் மன்னர்களின் உருவப்படங்களையும் பிள்ளைகள் ஆவலோடு பார்த்தனர்.

அரண்மனையின் அண்டையிலேயே யூதர் தெரு. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் முதலிய தேசங்களிலிருந்து அடைக்கலம் தேடி வந்த யூதருக்கு, மன்னர் தம் மாளிகைக்கு அருகிலேயே இடம் கொடுத்தார். அவர்கள் 1568-ல் கட்டியதே பரதேசி ஜெபஆலயம். 1662-ல் போர்த்துக்கீசியரால் சேதமடைந்து, டச்சுக்காரர் காலத்தில் மீண்டும் எழுந்தது. அருகிலுள்ள மணிக்கூண்டு 1760-ல் எசேக்கியேல் ரஹாபி என்னும் யூத வணிகரால் அமைக்கப்பட்டது.

பாதரட்சைகளைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தோம். தரையெங்கும் சீனாவிலிருந்து கப்பலில் வந்த, நீல நிறத்தில் கையால் தீட்டிய வெள்ளை ஓடுகள். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்பார்கள். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவே பித்தளை அழியிட்ட மேடை. எதிரே நியாயப்பிரமாணச் சுருள்களை வைக்கும் பேழை. சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிப் பொறித்த செப்பேடுகளும் இந்தச் சபையாரின் பொக்கிஷமே. அவற்றின் எழுத்து, நம் பாண்டி நாட்டிலும் ஒருகாலத்தில் வழங்கிய வட்டெழுத்து என்பதை அறிந்து வியந்தோம்.

அப்பொழுது எங்கள் மகள் கேட்டாள்: "அப்பா, இங்கே ஆராதனை எத்தனை மணிக்கு?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யூத முறைமையின்படி சபையாகக் கூடி ஜெபிக்க வயதுவந்த ஆண்கள் 10 பேர் வேண்டும். 1948-ல் இஸ்ரவேல் தேசம் உருவான பின்பு, 1950-களில் கொச்சி யூதர் பெருந்திரளாய் அங்கே சென்றனர். பரதேசி யூதர் பலரும் பின்னர் சென்றுவிட்டனர். 1968-ல் இந்த ஆலயத்தின் 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. ஆனால் காலப்போக்கில் பத்துப் பேரைச் சேர்ப்பதே அரிதாகி, வெளியூரிலிருந்து வரும் யூதரை எதிர்பார்க்கும் நிலை உண்டாயிற்று. இதே தெருவில் பூத்தையல் கடை நடத்திய சாரா கோஹன் அம்மையார் 2019-ல் தமது 96-ஆம் வயதில் காலமானார். முதிர்வயதில் அவரைத் தாயைப்போல் கவனித்துக்கொண்டது ஓர் இஸ்லாமியக் குடும்பம் என்பதை இங்கே சொல்லாமல் இருக்கக் கூடாது.

மட்டாஞ்சேரியில் இன்னொரு ஜெபஆலயமும் உண்டு. இது மலபார் யூதர் 1544-ல் கட்டி முடித்த கடவும்பாகம் ஆலயம். மக்கள் இஸ்ரவேலுக்குப் போனபின் அது சரக்குக் கிடங்காயிற்று. அதன் சித்திர வேலைப்பாடுள்ள மர உள்ளமைப்பு இன்று எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் அழகாய் நிற்கிறது. இங்கிருந்த கட்டடமோ 2019-ஆம் ஆண்டு மழையில் பெரிதும் இடிந்து விழுந்தது. மரவேலை ஒரு தேசத்தில், சுவர் ஒரு தேசத்தில். அங்கே கூடியவர்களின் பேரப்பிள்ளைகளோ வேறு மொழி பேசுகிறார்கள்.

கனத்த மனதோடு ஃபோர்ட் கொச்சிக்குத் திரும்பும்போது, வெளி என்னும் பகுதியிலுள்ள தோபிகானாவுக்குச் சென்றோம். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடுப்புகளை வெளுப்பதற்காக அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இங்கே இன்றும் அத்தொழிலைச் செய்கின்றனர். வரிசையாய்க் கட்டிய துவைக்கும் தொட்டிகள். வெயிலில் வெண்மேகம்போல் விரிந்த வேட்டிகள். கொடியில் கவ்வி ஒன்றுகூட இல்லை. முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர், எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார். "எந்த ஊரு தம்பி?" என்று நல்ல தமிழில் விசாரித்தார்.

"திருநெல்வேலிப் பக்கம் ஐயா. நீங்கள்?"

"எங்க பாட்டன் பூட்டனுக்கும் இதே ஊருதான். வெளியில மலையாளம், வீட்டுல தமிழ்" என்று சிரித்தார்.

படகில் திரும்புகையில் அந்தச் சிரிப்பு நினைவிலேயே இருந்தது. ஓடுகளையும் விளக்குகளையும் அருங்காட்சியகம் காத்துக்கொள்ளும். ஆனால் ஜெபத்தையும் பாட்டையும் தாய்மொழியையும் காப்பது, வீட்டில் அவற்றைப் பழகும் பிள்ளைகளே. வாடகை மண்டபங்களில் கூடும் நாம், சொந்த ஆலயம் எழும்ப வேண்டும் என்று ஜெபிப்பது நல்லதே. அந்த ஆலயத்தில் நம் பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் பாடுவார்கள், பாடுவதற்கு அங்கே இருப்பார்களா என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டாமா? அன்று இரவு குடும்ப ஜெபத்தில் எங்கள் மகள் தமிழ் வேதாகமத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி ஒரு சங்கீதம் வாசித்தாள். வாசித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒருவரும் அவசரப்படவில்லை.

நீங்களும் குடும்பமாய்ச் சென்று வாருங்கள். வெள்ளிக்கிழமை அரண்மனையும், ஓய்வுநாளாகிய சனிக்கிழமை ஜெபஆலயமும் மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.