வாசற்படியில் கற்கும் பாஷை

ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ (1919-2008) சொன்னபோது நாம் கை தட்டினோம். ஜப்பானிய மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எது சரி என்று சொல்லும் யோக்கியதை நம் வட்டத்தில் எவருக்கும் இல்லை. அந்த பாஷை தெரிந்தவர் நம்மிடையே இல்லை. ஓனோ அறுபது வயதை ஒட்டித் தமிழ் கற்க உட்கார்ந்தவர். இந்தப் பக்கத்திலிருந்து தோக்கியோ போய், ககுஷுயின் பல்கலைக்கழகத்தில் அவரோடு உழைத்தவர்கள் யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும். எட்டாம் நூற்றாண்டுத் தொகையான மன்யோசுவில் 20 பகுதிகள், சுமார் 4500 பாடல்கள். அதன் காதற் பாடல்களை மனோன்மணி தமிழுக்குக் கொண்டுவந்தார்.

மற்றபடி நமக்கு ஜப்பான் ஆங்கிலம் வழியாகவே வந்திருக்கிறது. 1916இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியதும் நொகுச்சி ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துத்தான். கவாபாத்தாவை நான் அறிந்தது சைடன்ஸ்டிக்கரின் ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலமும் எனக்கு பி.ஏ. வகுப்பில், திண்டுக்கல் வெயிலில், புத்தகமாக வந்தது. அந்த மொழியில் என்னை யாரும் வைததில்லை, கைமாற்றுக் கேட்டதில்லை, என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்ததில்லை.

இதனால் என்ன நஷ்டம்? ஹைக்கூ 5-7-5 என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து என்றால் எது ஐந்து? ஆங்கிலப் புத்தகங்கள் ‘சிலபிள்’ என்றன. நம்மில் சிலர் அதை அசை என்றார்கள், சிலர் எழுத்து என்றார்கள். பிறகு மூன்று வரி இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. ஜப்பானியர் எண்ணுவது ஒலியின் கால அளவை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அவர்கள் வாயில் தோக்கியோவின் ‘தோ’, ‘க்யோ’ இரண்டுமே நெடில், ஆக நான்கு. சொல்லின் இறுதியில் வரும் னகர ஒலிக்கும் முழுதாக ஒன்று. நாம் மெய்க்கு அரைதான் கொடுப்போம். மற்றபடி இது மாத்திரைதான், தொல்காப்பியம் தொட்டு நம்மிடம் இருக்கும் கணக்கு. நமக்கு மிக அருகில் இருந்ததையே நடுவில் நின்ற மொழி மறைத்துவிட்டது.

எங்கள் கிளைக்கு பீகாரிலிருந்து ஓர் இளம் அதிகாரி மாற்றலாகி வந்தார். முதல் வாரம், நிலக்கோட்டைப் பூ வியாபாரி அம்மாள் ஒருவரிடம், “தாங்கள் எவ்வளவு பணம் எடுக்க விரும்புகிறீர்கள்?” என்றார். வரிசையே சிரித்தது. ஆறு மாதத்தில், “எவ்வளவுக்கா எடுக்கணும்?” என்று வந்துவிட்டது. ஒருநாள் என்னிடம் கேட்டார்: “சார், போற ஆளெல்லாம் ஏன் வர்றேன்னு சொல்றாங்க?” பிறந்தது முதல் என் காதில் விழும் சொல். அதற்குள் ஒரு கேள்வி இருப்பது அந்நியர் ஒருவர் கேட்டபின்தான் தெரிந்தது.

வீட்டைவிட்டுக் கிளம்பும் ஜப்பானியர் சொல்லும் ‘இத்தெகிமாஸ்’ என்பதற்கும் நேர்பொருள் ‘போய் வருகிறேன்’. இதைக் கொண்டு உறவு கொண்டாட வேண்டியதில்லை. வங்காளியும் விடைபெறும்போது ‘ஆஷி’, அதாவது வருகிறேன், என்றுதான் சொல்கிறார். மொழி உறவுக்கு இது சாட்சியமாகாது. அகராதியும் இந்தப் பொருளைச் சொல்லிவிடும். ஆனால் எந்தக் குரலில், யாரிடம், செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறார்களா என்பதெல்லாம் அங்கே ஒரு வாசலில் தினமும் காலையில் நின்று கேட்டவருக்கே தெரியும். கவிதை பெரும்பாலும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

ஹைக்கூ எழுதுகிறவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. தமிழில் மூன்று வரி எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். ஜப்பானியக் கவிதையின் ஆன்மா இன்னது என்று தீர்ப்புச் சொல்வதைத்தான் ஒத்திவைக்கச் சொல்கிறேன், நம்மில் ஒருவராவது அங்கே போய், ஒரு கடை வரிசை முழுக்கச் சிரிக்க நின்றுவிட்டு வரும்வரை.